காலையில் ‘கடகட’... சூடானதும் அமைதி! உங்கள் பைக்கின் டைமிங் செயின் சொல்வது என்ன?

திருவண்ணாமலையில் விடியும் முன்பே பைக்குகள் எழுந்துவிடும். செங்கம் சாலை, போளூர் சாலை, வேட்டவலம் சாலை, அவலூர்பேட்டை சாலை என்று எந்தப் பக்கம் நின்றாலும், ஊருக்குள் வருகிற முதல் வண்டிகளில் பால் கேன் தொங்கும், பூ மூட்டை இருக்கும், காய்கறிக் கூடை இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பத்து, பதினைந்து வருடம் ஓடிய 100 சிசி வண்டிகள். கிக்கரை உதைத்ததும் இன்ஜினின் இடதுபக்கத்திலிருந்து ‘கடகட’வென்று ஒரு சத்தம் வரும். இரண்டு நிமிடம் கழித்து அது அடங்கிவிடும். ‘வண்டி சூடாகட்டும், சரியாயிடும்’ என்று ஓட்டுபவரும் கிளம்பிவிடுவார்.

சரியாகிவிடுவதில்லை. அன்றைக்கு மட்டும் அடங்குகிறது. அடுத்த மாதம் சூடான பிறகும் கேட்கும். அதற்கடுத்து, ஒரு நாள் காலையில் எத்தனை முறை உதைத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்த ஒரு நாளில் பால் கெட்டுப்போகலாம், பூ வாடிப்போகலாம், பரீட்சைக்குப் போகிற பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியிருக்கலாம். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் வால்வு வளைந்திருக்கும். ஆரம்பத்திலேயே கவனித்திருந்தால் ஒரு சின்ன ரப்பரோடும் ஸ்பிரிங்கோடும் முடிந்திருக்க வேண்டிய செலவு அது.

அந்தச் சத்தத்தின் பெயர் டைமிங் செயின் சத்தம். அதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன டென்ஷனர். இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா? பாதி முடியும். எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

இது வேற செயின்!

பைக்கில் செயின் என்றதும் பின்சக்கரத்தைச் சுழற்றுகிற செயின்தான் நினைவுக்கு வரும். ‘செயின் ஸ்ப்ராக்கெட் மாத்தணும்’ என்று மெக்கானிக் சொல்வது அதைத்தான். டைமிங் செயின் வேறு. அது இன்ஜினுக்குள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி, கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது. கேம் செயின் என்றும் சொல்வார்கள்.

இன்ஜினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வர, அது கிராங்க்கைச் சுழற்றுகிறது. பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. இந்த இரண்டையும் சரியான நேரத்தில் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு தவறாமல் இரண்டையும் கட்டிவைத்திருப்பதுதான் டைமிங் செயின். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், கேம் 2,000 முறை சுற்றும். அரை மணி நேரப் பயணத்தில் கிராங்க் மட்டும் 1,20,000 சுற்று!

இவ்வளவு சுற்றும் செயின், நாளாக ஆக நீளும். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் பின்னும் துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, அத்தனை கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து மொத்தத்தில் தொய்வாகிறது. அந்தத் தொய்வை எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள்தான் டென்ஷனர். துணி காயப்போடுகிற கொடிக்கயிறு தொங்கும்போது நடுவில் ஒரு கழியை முட்டுக்கொடுப்போமே, அதே வேலைதான். அந்த முட்டு தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, செயின் அலைந்து பக்கத்துச் சுவரில் அடிக்கும். காலையில் கேட்கும் ‘கடகட’ அதுதான்.

எந்த வண்டிக்கு இந்தத் தொல்லை?

எல்லா பைக்குக்கும் டைமிங் செயின் கிடையாது. அப்பாக்கள் ஆசையாக ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100, இண்ட்-சுஸுகி போன்றவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் வால்வும் இல்லை, கேமும் இல்லை. 1955 முதல் சென்னை மண்ணில் தயாராகிவரும் புல்லட்டின் பழைய இன்ஜின்களில் வால்வைத் திறக்கப் பயன்பட்டது புஷ்ராட் எனப்படும் நீளமான தண்டுகள். ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளில், 2020-ல் வந்த மீட்டியார் 350-ன் இன்ஜினில்தான் கேம் மேலே ஏறி, செயினும் வந்தது.

நம் ஊர்த் தெருக்களுக்கு டைமிங் செயினைப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தியது ஹீரோ ஹோண்டா. 1985-ல் சிடி 100, 1994-ல் ஸ்ப்ளெண்டர். பெட்ரோலை ஊற்று, மூடியை மூடு, வண்டியை மற என்பதுதான் சிடி 100 விளம்பரத்தின் சாரம். மக்களும் அப்படியே மறந்தார்கள். ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜின், ஹோண்டாவின் புகழ்பெற்ற சூப்பர் கப் வண்டியின் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1958-ல் பிறந்த சூப்பர் கப், 2017-ல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. அந்தக் குடும்பத்தின் உழைப்பு அப்படி! ஆனால், எவ்வளவு உழைக்கும் இன்ஜினாக இருந்தாலும் ரப்பர் ரப்பர்தான். அது தேயும்.

இன்றைக்கு ஸ்ப்ளெண்டர், பேஷன், ஷைன், பல்சர், அப்பாச்சி, ஆக்டிவா என்று நம் வீட்டு வாசலில் நிற்கும் பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் டைமிங் செயினும் டென்ஷனரும் உண்டு. அமைப்புதான் மாடலுக்கு மாடல் மாறும்.

சத்தத்தை எப்படிப் பிரிப்பது?

இன்ஜினில் வருகிற எல்லாச் சத்தமும் டைமிங் செயின் சத்தம் அல்ல. கழற்றும் முன் காதைக் கொடுங்கள்.

* வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிவாகக் கேட்டு, பிறகு குறைந்தால் டென்ஷனர் மீது சந்தேகப்படலாம்.

* டப்பெட் சத்தம் ‘டிக்... டிக்... டிக்’ என்று தையல் மெஷின்போல ஒரே சீராக, இன்ஜினின் தலைப்பகுதியிலிருந்து வரும். டைமிங் செயின் சத்தம் சீராக இருக்காது. டப்பாவில் போட்ட கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல இருக்கும். ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விடும்போது, வேகம் இறங்குகிற அந்த நொடியில் கூடுதலாகக் கேட்கும்.

* கிளட்சைப் பிடித்தால் சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது கிளட்ச் பக்கத்துச் சமாசாரம். டைமிங் செயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

* மெக்கானிக்குகளின் பழைய வித்தை ஒன்று உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் செயின் ஓடுவது இடதுபக்கம். சிலிண்டரின் இடதுபக்கச் சுவரில் சத்தம் அதிகமாகக் கேட்டால் சந்தேகம் உறுதி. பின்சக்கரத்திலோ, சுழலும் பாகத்திலோ துணி, துப்பட்டா, தலைமுடி சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்ஸரில் கை பட்டால் சுடும்.

சத்தத்தோடு சேர்ந்து பிக்கப் குறைவது, ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது, சைலன்ஸரில் ‘படார்’ என்று வெடிப்பது ஆகியவையும் இருந்தால், செயின் ஏற்கெனவே ஒரு பல் தாண்டியிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிப்போகவே வேண்டாம். தள்ளிக்கொண்டோ, ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும்.

ஏன் சீக்கிரம் தேய்கிறது?

முதல் காரணம், ஆயில். டைமிங் செயினுக்குத் தனியாக யாரும் கிரீஸ் போடுவதில்லை. இன்ஜின் ஆயில்தான் அதற்குச் சோறு. ஆயில் அளவு குறைந்தாலும், கறுத்து மணல்போல ஆனாலும் முதலில் அடிபடுவது செயினின் பின்களும் டென்ஷனரின் ரப்பரும்தான். ஸ்ப்ளெண்டர் வகையில் டென்ஷனர் தண்டு ஆயிலில்தான் மிதக்கிறது. ஸ்பிரிங் தள்ள, ஆயில் அதிர்வை அடக்குகிறது. ஆயில் இல்லையென்றால் அடக்க ஆளில்லை.

இரண்டாவது, ஓட்டுகிற விதம். பௌர்ணமி நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலையாக இருக்கும். ஊருக்குள் வரும் வண்டிகள் ஒவ்வொரு சாலையிலும் ஊர்ந்துதான் நகரும். கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். அந்த நெரிசலில் கியரைக் குறைக்காமல் மூன்றிலோ, டாப் கியரிலோ வைத்து இன்ஜினைத் திணறவிடுகிறவர்கள் அதிகம். அப்போது கிராங்க் சீராகச் சுற்றாமல் உதறி உதறிச் சுற்றும். ஒவ்வொரு உதறலும் செயினில் ஓர் இழுப்பு. ஜவ்வாது மலைக்கு மூட்டையோடு ஏறும்போது, டாப் கியரிலேயே ஏற்றிவிடப் பார்ப்பதும் இதே கதைதான். இன்ஜின் திணறினால் கியரைக் குறையுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்துச் செய்வது, ஸ்பேர் பார்ட்ஸில் செலவாகிவிடும்.

மூன்றாவது, காலம். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும், வருடக்கணக்காகச் சூட்டிலும் ஆயிலிலும் ஊறிய ரப்பர் கல்லாகும், பிறகு விண்டுபோகும்.

மூன்று படிகள்... நீங்கள் எதுவரை?

கடையில் ‘டைமிங் செயின் கிட்’ என்று கேட்டால், ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளுக்கு செயின், டென்ஷனர் ரோலர், கைடு ரோலர், டென்ஷனர் தண்டின் ரப்பர் தலை ஆகியவை சேர்ந்து கிடைக்கும். எல்லாமே ஒரே பையில் இருந்தாலும், மாற்றுகிற வேலை ஒன்றல்ல, மூன்று.

படி 1: தண்டு, ஸ்பிரிங், ரப்பர் தலை. இன்ஜினின் அடியில், இடதுபக்கத்தில் உள்ள சீலிங் போல்ட்டைக் கழற்றினால் போதும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் வீட்டில் செய்யலாம்.

படி 2: டென்ஷனர் கையும் ரோலரும், தேவைப்பட்டால் செயினும். இவை மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. மேக்னட் புல்லர் என்கிற கருவி கட்டாயம் வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே வீட்டில் செய்யலாம்.

படி 3: கைடு ரோலர். சிலிண்டருக்குள் இருப்பது. ஹெட்டைத் தூக்க வேண்டிவரும். புதிய கேஸ்கட், சரியான டார்க்கில் முறுக்குவது என்று வேலை பெரிது. இது பட்டறை வேலை.

வாரன்டியில் உள்ள வண்டியாக இருந்தால் எந்தப் படியும் வேண்டாம், நேராக சர்வீஸ் சென்டர்தான். நீங்களே கழற்றினால், பிறகு வாரன்டி கேட்பது சிக்கலாகிவிடும்.

படி 1: வீட்டு வாசலில் செய்யும் முறை

ஆயில் மாற்றுகிற நாளிலேயே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் வழியும். முன்கூட்டியே ஆயிலை இறக்கிவிட்டால் வாசல் பாழாகாது. 

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சாயங்காலம் வாசலில் விளக்கு ஏற்றுகிற வீடாக இருந்தால், வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பெட்ரோலும் ஆயிலும் புழங்கும் இடத்தில் தீபமோ, ஊதுவத்தியோ வேண்டாம். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு வாஷர் வாய்க்குப் போக ஒரு நொடி போதும்.

1. இன்ஜினின் அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருக்கும். போல்ட்டைக் கழற்றும்போது அது உள்ளே போனால், ஒரு தொல்லைக்கு இரண்டாகும்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் போட்டோ எடுங்கள். கழற்றும் பாகங்களை முட்டை டிரேயில் கழற்றிய வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

3. ஆயில் டிரெயின் போல்ட் வேறு, டென்ஷனர் சீலிங் போல்ட் வேறு. இரண்டும் அடியில்தான் இருக்கும். கையேட்டிலுள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. சரியான அளவு ரிங் ஸ்பேனரால் சீலிங் போல்ட்டைத் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். முகத்தை நேர் கீழே வைக்க வேண்டாம்.

5. ஸ்பிரிங்கும் தண்டும் இறங்கும். தண்டின் தலையிலுள்ள ரப்பரைப் பாருங்கள். பள்ளம் விழுந்திருக்கிறதா, பாதி விண்டிருக்கிறதா? தண்டு மட்டும் இறங்கி ரப்பர் உள்ளேயே தங்கிவிட்டால், கம்பியால் துருவ வேண்டாம். அது மேக்னட்டைக் கழற்றி எடுக்க வேண்டிய விஷயம். அத்துடன் இரண்டாம் படிக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

6. பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிற்கவையுங்கள். பழையது குட்டையாக இருந்தால், சத்தத்துக்கான காரணம் கண்ணெதிரே நிற்கிறது.

7. தண்டு வெளியே இருக்கும்போது கிக்கரை உதைக்கவோ, கியரில் போட்டு வண்டியை நகர்த்தவோ கூடவே கூடாது. பிடிப்பில்லாத செயின் பல் தாண்டிவிடும்.

8. புதிய தண்டில் சுத்தமான இன்ஜின் ஆயிலைத் தடவி உள்ளே விட்டு, பிறகு ஸ்பிரிங்கை வைத்து, புதிய வாஷரோடு போல்ட்டைக் கையாலேயே முடிந்தவரை ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் உடனே நிறுத்திவிட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள்.

9. கடைசி இறுக்கத்தில் பலத்தைக் காட்டாதீர்கள். இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. முறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். வீட்டு ரிப்பேரில் அதிகம் பாழாவது இந்த மரைதான்.

10. கையேட்டில் சொன்ன அளவு புதிய ஆயிலை ஊற்றுங்கள். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. அதனால் ‘ஜாஸோ எம்ஏ’ முத்திரையுள்ள டூ வீலர் ஆயில்தான் வேண்டும். மிச்சமிருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மையான பரீட்சை. சத்தம் நின்றிருந்தால் வேலை முடிந்தது. நிற்கவில்லையென்றால் ரோலரோ, செயினோ தேய்ந்திருக்கிறது.

படி 2: ‘டி’யும் ‘ஓ’வும் பார்த்தால்தான் வண்டி

இடதுபக்கக் கவரைக் கழற்றினால் மேக்னட் தெரியும். அதன் நட்டைக் கழற்றிவிட்டு, சுத்தியலால் தட்டி எடுக்க முயல்கிறவர்கள் உண்டு. தட்டினால் மேக்னட்டின் உள்ளிருக்கும் காந்தம் விரிசல் விடலாம், கிராங்க் முனையின் மரை நசுங்கலாம். புல்லர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இந்த வேலையின் உயிர் இரண்டு குறிகளில் இருக்கிறது. மேக்னட்டின் விளிம்பில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும், அதன் அருகே ஒரு கோடும் இருக்கும். அது இன்ஜின் கேஸிலுள்ள குறிக்கு நேராக வர வேண்டும். அதே நேரத்தில், ஹெட்டின் இடதுபக்க வட்ட மூடியைக் கழற்றினால் தெரியும் கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள ‘ஓ’ குறி, ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டும் ஒருசேர நின்றால்தான் டைமிங் சரி. ஒரு பல் தள்ளிப் பூட்டினால்கூட வண்டி திணறும். அதிகம் தள்ளினால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும்.

செயினைக் கழற்றும் முன்பே இந்தக் குறிகளைச் சேர்த்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜினைக் கையால் சுற்றும்போது, அது வழக்கமாகச் சுற்றுகிற திசையிலேயே சுற்ற வேண்டும். ஸ்ப்ளெண்டர் வகையில் இடதுபக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. பூட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடியும் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள். அது வால்வு பிஸ்டனைத் தொடுகிற இடமாக இருக்கலாம். எல்லாம் சரியென்று உறுதியாகாமல் கிக்கரைத் தொடக் கூடாது.

படிக்கும்போதே பதற்றமாக இருந்தால், இது பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே பூட்டும் டென்ஷனர்

ஷைன், யூனிகார்ன், ஆக்டிவா போன்ற பல வண்டிகளில் டென்ஷனர், சிலிண்டரின் வெளிப்பக்கம் இரண்டு சின்ன போல்ட்டுகளில் தனிப் பாகமாக உட்கார்ந்திருக்கும். கழற்றுவது சுலபம். ஆபத்தும் அதில்தான். கழற்றியதுமே அதன் உள்தண்டு ஸ்பிரிங்கால் முழுக்க நீண்டுவிடும். நீண்ட நிலையிலேயே வைத்து போல்ட்டை முறுக்கினால் செயின் வீணை நரம்புபோல விறைத்துவிடும், அல்லது டென்ஷனரின் காது உடையும். தண்டை முதலில் உள்ளே இழுத்துப் பூட்டி, போல்ட்டுகளை இறுக்கிய பிறகே விட வேண்டும். ஹோண்டா வகையில் பின்பக்கச் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கடிகாரத் திசையில் சுற்றினால் தண்டு உள்ளே போகும். இங்கேயும் அதே விதிதான். டென்ஷனர் வெளியே இருக்கும்போது இன்ஜினைச் சுற்றக் கூடாது. இன்ஜின் ஓடும்போது அந்த போல்ட்டுகளைத் தொடவே கூடாது.

வேண்டாம் இந்தக் குறுக்குவழிகள்!

பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது, ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷரைச் சொருகுவது, கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது என்று சில ‘டெக்னிக்’குகள் உண்டு. மூன்றுமே நோயை விட்டுவிட்டு இருமலை மட்டும் நிறுத்துகிற வைத்தியம். இழுத்த ஸ்பிரிங் சீக்கிரமே மறுபடி தளரும். வாஷர் சொருகினால் ரோலரின் ரப்பர் கூடுதல் அழுத்தத்தில் தேயும். கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே கேம் வரை ஏற நேரமெடுக்கும்.

தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். ஆயிலோடுதான் சுற்றுகிறது. துகள்கள் ஆயில் சல்லடையை அடைத்தால், செயினோடு நிற்காது, கேம் வரை பாதிக்கும். அதனால் ரப்பர் விண்டிருந்தால், சல்லடையையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்பேர் வாங்கும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் பாகம் மாறியிருக்கலாம். பாக்கெட்டில் பார்ட் நம்பர், அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, பில் வாங்குங்கள். ரப்பர் சமாசாரத்தில் மலிவைப் பார்த்தால், சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். செயின் நீண்டிருந்தால் ரோலரை மட்டும் மாற்றிப் பயனில்லை. செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

பிள்ளைக்கு முதல் வேலை, காலேஜுக்குப் போக ஒரு வண்டி என்று செகண்ட் ஹேண்டில் பார்க்கிற குடும்பங்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருப்பது பணம். விற்பவரிடம் காலையிலேயே வருவதாகச் சொல்லுங்கள். வண்டியைப் பார்க்கும் முன் இன்ஜினைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து சத்தத்தை அடக்கிவைத்திருக்கலாம். ஆறும்வரை காத்திருந்து, உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ‘கடகட’ இருந்தால் அதற்காகவே வண்டி வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. டைமிங் செயின் கிட்டும் கூலியும் எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

அந்தக் கறுப்பு ஆயிலை என்ன செய்வது?

வேலை முடிந்ததும் மிஞ்சுவது ஒரு டப்பா கறுப்பு ஆயில். சாக்கடையில் ஊற்றுவதும், காலி மனையில் கொட்டுவதும் நம் ஊர்ப் பழக்கம். மலையில் பெய்கிற மழையெல்லாம் ஓடைகளாக இறங்கி, சுற்றியுள்ள குளங்களையும் ஏரிகளையும் நிரப்புகிற ஊர் இது. வாசலில் கொட்டியதை ஒரு மழை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், பயன்படுத்திய ஆயிலை அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. புதிய ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரிலோ, பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள். ஆயில் படிந்த துணியை அடுப்பருகே போடாதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

வீட்டில் ரிப்பேர் செய்வதில் பணம் மிச்சமாவது உண்மை. அதைவிடப் பெரிய லாபம், பட்டறையில் நிற்கும்போது ஏமாறாமல் இருப்பது. ‘இன்ஜின் வேலை வந்துடுச்சுங்க’ என்று யாராவது சொன்னால், ‘டென்ஷனர் ரப்பரைப் பார்த்தீங்களாண்ணே? ஸ்பிரிங் எப்படி இருக்கு? கழற்றின பார்ட்டைக் காட்டுங்க’ என்று கேட்க முடியும். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தேய்ந்த ரோலரைக் கையில் கொடுத்துக் காட்டுவார்.

அதேபோல், போல்ட் கோணலாக ஏறினாலோ, ரப்பர் உள்ளே விழுந்துவிட்டாலோ, குறிகள் சேராவிட்டாலோ, அந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். பாதியில் நிறுத்திய வண்டியை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். தப்பாகப் பூட்டி உதைத்த வண்டிக்குத்தான் செலவு அதிகம்.

நாளைக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் உடனே கியரைப் போடாமல், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். சத்தம் சீராக இருந்தால் கிளம்பலாம். இல்லையென்றால், அந்த வாரத்திலேயே ஆயிலையும் டென்ஷனரையும் பார்த்துவிடுங்கள்.